அன்று ஒன்று, இன்று முப்பது

இருபது வருடங்களுக்கு முன்னால் மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் நடந்தவர்களுக்கு அந்த மஞ்சள் பலகைகள் நினைவிருக்கும்: எஸ்டிடி, ஐஎஸ்டி, இன்டர்நெட். கற்சிலைக் கடைக்கும் மீன் வறுவல் ஓட்டலுக்கும் நடுவே ஒரு சின்ன அறை. பிளைவுட் தடுப்புகளுக்குள் நாலைந்து சிஸ்டம், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, வாசலில் செருப்புகள். அப்படி ஓர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வாய்த்தது. டிசம்பர் தொடங்கினால் பிப்ரவரி முடியும்வரை வெளிநாட்டுக்காரர்கள் வந்தபடி இருப்பார்கள். பகலெல்லாம் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குக் கடிதம் எழுத எங்களிடம் வந்து உட்காருவார்கள். உள்ளூர்க்காரர்களில் சிற்பிகள் வருவார்கள். சிலை கேட்டு எழுதிய வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் படம் அனுப்ப வேண்டியிருக்கும்.

சிஸ்டம் என்றால் விண்டோஸ் 98, 64 எம்பி ராம், டயல்-அப் இணைப்பு. இன்று வாட்ஸப் வெப் பக்கம் ஒன்று திறந்து கிடந்தாலே அதைப் போலப் பல மடங்கு மெமரி போய்விடுகிறது. அந்த 64 எம்பிக்குள்தான் விண்டோஸ், இன்டர்நெட் எக்ஸ்புளோரர், யாஹூ மெசஞ்சர், ஒருவர் எழுதும் நீண்ட கடிதம் எல்லாமே குடியிருந்தன.

என் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிற்பக் கல்லூரியில் படித்து முடித்து, சொந்தமாகப் பட்டறை போட்டிருந்த ஒருவர், ஓர் ஆளுயர நடராஜர் சிலையின் படத்தைத் தொலைதூர வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். படம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு விண்டோவில் ஏதோ செய்தித் தளத்தைத் திறந்தார். அது நின்றுவிட்டது. கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் அழுத்தினேன். வந்த பட்டியலில் அந்தச் செய்தித் தளத்தின் பெயருக்கு எதிரே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று இருந்தது. 'எண்ட் டாஸ்க்' கொடுத்தேன். செய்தித் தளம் போயிற்று, அதோடு பாதி ஏறியிருந்த படமும் எழுதி வைத்திருந்த விலை விவரமும் சேர்ந்தே போயின. பட்டியலில் தனித்தனிப் பெயராகத் தெரிந்தாலும் உள்ளே இருந்தது ஒரே பிராசஸ், அதாவது கணினி தனி மெமரி ஒதுக்கி ஓட்டும் ஒரே நிரல். ஒரு விண்டோவைக் கொன்றால் மற்றவையும் சாகும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். அரைமணிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற இடம் அது. இரண்டாம் தடவைக்குக் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் சில வழக்கங்கள் வந்தன. கடிதம் எழுதுகிறவர்கள் முதலில் நோட்பேடில் எழுத வேண்டும், எழுதி முடித்த பிறகுதான் மெயில் பெட்டிக்குள் ஒட்ட வேண்டும். இரண்டாவது விண்டோ வேண்டுமென்றால் கண்ட்ரோல்-என் அழுத்தக் கூடாது; டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானைத் தொட்டுத்தான் திறக்க வேண்டும். இதற்குக் காரணம் இருந்தது. கண்ட்ரோல்-என் அழுத்தினால் புது விண்டோ பழைய பிராசஸுக்குள்ளேயே பிறக்கும். ஐகானிலிருந்து திறந்தால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இல் தனி பிராசஸாகவே பிறக்கும். அப்போது ஒன்று செத்தாலும் மற்றது பிழைத்துக்கொள்ளும். கணவன் மனைவி இருவரும் ஒரே சிஸ்டத்தில் தங்கள் தங்கள் யாஹூ கணக்கைப் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைக்கவும் இதுதான் வழி. தனி பிராசஸுக்குத் தனி லாகின். ஆனால் ஒவ்வொரு தனி பிராசஸும் தனக்கென்று மெமரி கேட்கும், மூன்றாவதைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓட ஆரம்பித்துவிடும். இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பத்திரம் வேண்டுமா, வேகம் வேண்டுமா என்ற கணக்கை ஒத்தவாடைத் தெருவில் தினம் தினம் போட்டோம்.

ராம் கூட்டினாலும் விண்டோஸ் 98இல் முழுத் தீர்வு கிடைக்காது. விண்டோக்கள், பட்டன்கள், எழுத்துருக்கள் பற்றிய சில குறிப்புகளை அது 64 கேபி அளவே உள்ள சிறு இடங்களில் வைத்திருந்தது. அந்த இடம் தீர்ந்தால் ராம் காலியாகக் கிடந்தாலும் சிஸ்டம் தள்ளாடும். அதனால் ஓர் ஆள் எழுந்து போனதும் அடுத்த ஆள் உட்காரும் முன் ரீஸ்டார்ட் செய்துவிடுவோம். வந்தவர்களுக்கு அது நேர விரயமாகப் பட்டிருக்கும். எங்களுக்கோ அடுத்தவரின் கடிதத்துக்குப் பாதுகாப்பு.

2004 டிசம்பர் 26க்குப் பின் வந்த நாட்களில் அந்தப் பாதுகாப்பின் மதிப்பு வேறாகிவிட்டது. சுனாமி இந்தக் கரையையும் அடித்திருந்தது. மாற்றுத்துணிகூட இல்லாமல் வந்தவர்களுக்கு வீட்டாரிடம் சொல்ல ஒரே ஒரு செய்திதான் இருந்தது. நீண்ட கடிதம் எழுத உட்கார்ந்தவர்களிடம், முதலில் "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பச் சொன்னேன். அது போய்ச் சேர்ந்ததென்று திரை சொன்ன பிறகு மிச்சத்தை எழுதட்டும். ஒரு விண்டோ சாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் கற்றுத் தரவில்லை, அந்த வாரம் கற்றுத் தந்தது.

2008 செப்டம்பர் 2ஆம் தேதி கூகுள் குரோம் வெளிவந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். வெளியீட்டுக்கு அவர்கள் தந்த விளக்கம் ஒரு சித்திரக்கதை; ஸ்காட் மெக்லவுட் வரைந்தது. அதில் முதன்மையாகச் சொன்னது, ஒவ்வொரு டேபுக்கும் ஒரு தனி பிராசஸ் என்பதைத்தான். நான் அதைப் படித்தபோது அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. நாங்கள் ஐகானைத் தொட்டுத் தொட்டுச் செய்ததை பிரவுசரே செய்யப் போகிறது!

பழைய பிரவுசர் ஒண்டுக்குடித்தனம். ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே சமையற்கட்டு. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் ஆறு குடும்பமும் தெருவில் நிற்க வேண்டியதுதான். குரோம் செய்தது, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிச் சுவர், தனிச் சமையலறை. இடம் அதிகம் பிடிக்கும். பாத்திரம் பண்டமெல்லாம் வீட்டுக்கு ஒன்று வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுத் தீ இங்கே வராது. மைக்ரோசாஃப்டும் 2009இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8இல் டேபுகளைப் பல பிராசஸ்களாகப் பிரித்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2016இல் அந்தப் பாதைக்கு வந்தது.

சுவர் எழுப்பியதற்கு இன்னொரு காரணமும் பின்னால் சேர்ந்துகொண்டது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற குறை வெளியுலகுக்குத் தெரிந்தது. பிராசஸர்களின் வடிவமைப்பிலேயே இருந்த ஓட்டை அது: ஒரே பிராசஸுக்குள் ஓடும் ஒரு தளம், பக்கத்தில் இருக்கும் இன்னொரு தளத்தின் ரகசியத்தை எட்டிப் பார்க்க வழியிருந்தது. அந்த வருடமே குரோம் 67 முதல், கணினிகளில் தளத்துக்குத் தளம் தனி பிராசஸ் என்பதே இயல்பான ஏற்பாடாயிற்று. ஒரே பக்கத்துக்குள் வேறு தளத்து விளம்பரம் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதற்கும் தனி பிராசஸ். இதனால் மெமரி செலவு பத்திலிருந்து பதின்மூன்று சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. வங்கிப் பக்கமும் ஏதோ ஒரு விளம்பரமும் ஒரே அறையில் படுத்திருக்கக் கூடாது என்பதற்காகக் கொடுத்த விலை. கொடுக்க வேண்டிய விலைதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

இப்போது நான் செங்கல்பட்டில் சிஸ்டம் சர்வீஸ் செய்கிறேன். 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் வேலைக்குக் காஞ்சிபுரம் போன காலம் முடிந்தது. சான்றிதழ், பட்டா, விண்ணப்பம் என்று வருகிற கூட்டம் இந்த ஊருக்குள்ளேயே சேர்ந்தது. ஜெராக்ஸ் கடைகளும் இ-சேவை மையங்களும் அந்தக் கூட்டத்தைத் தாங்குகின்றன. அவற்றில் ஒன்றை நடத்தும் பெண்ணிடமிருந்து போன வருடம் மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், போன் வந்தது.

"அண்ணா, சிஸ்டம் நகரவே மாட்டேங்குது. டாஸ்க் மேனேஜர் தொறந்து பாத்தேன், குரோம் மட்டும் முப்பது இருக்கு. வைரஸ் பூந்துடுச்சா?"

"எத்தன டேப் தொறந்து வச்சிருக்கீங்க?"

"ஏழோ எட்டோ தான்ணா."

"வரேம்மா. அதுவரைக்கும் எதையும் எண்ட் டாஸ்க் குடுக்காதீங்க."

ஏழெட்டு டேபுக்கு முப்பது பிராசஸ் என்றதும் வைரஸ் என்று பயப்படுவது இயல்பு. ஆனால் அந்த எண்ணிக்கையில் தவறே இல்லை. எல்லாவற்றையும் மேய்க்கும் தலைமை பிராசஸ் ஒன்று, திரையில் படம் வரையும் ஜிபியு பிராசஸ் ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, டேபுகளுக்கு ஒவ்வொன்று, எக்ஸ்டென்ஷன்களுக்கு ஒவ்வொன்று, பக்கங்களுக்குள் இருக்கும் அந்நியத் தளத் துண்டுகளுக்கு ஒவ்வொன்று. எண்ணிக்கையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எது எவ்வளவு தின்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் கண்டபடி எண்ட் டாஸ்க் கொடுத்தால், எந்த விண்ணப்பத்தின் உயிர் போகும் என்று நமக்குத் தெரியாது.

அங்கே இருந்தது 4 ஜிபி ராம் உள்ள சிஸ்டம், விண்டோஸ் 10, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸும் கைரேகைக் கருவியின் மென்பொருளும் ஆன்டிவைரஸும் எடுத்தது போகப் பாதிக்கும் குறைவாகத்தான் பிரவுசருக்கு மிஞ்சும். வெளியே பெஞ்சில் மாணவர்களும் அப்பா அம்மாக்களும் கையில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பிரவுசருக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் வரும். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் 'அபவுட்:பிராசஸஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். விண்டோஸ் தருகிற பட்டியலில் எல்லாமே 'குரோம்' என்று ஒரே பெயரில் நிற்கும். இங்கே எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன், எந்தப் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் எந்த விளம்பரம் என்று பெயர் சொல்லிக் காட்டும். 'மெமரி ஃபுட்பிரின்ட்' என்ற தலைப்பைத் தொட்டதும் பெரியது மேலே வந்து நின்றது.

முதலிடத்தில் விண்ணப்பத் தளம் இல்லை. போட்டோவின் அளவைக் குறைக்கும் இலவசத் தளம் ஒன்று இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியும்: பல விண்ணப்பங்கள் போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 20 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும். மாணவர் போனில் எடுத்து அனுப்புவதோ 4 எம்பி. அதைச் சுருக்க இணையத்தில் தேடினால் முதலில் வருகிற தளத்துக்குப் போகிறார்கள். அந்தப் பக்கத்தின் கீழே பட்டியலில் 'சப்ஃபிரேம்' என்று தொடங்கும் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மேலே ஒரு விளம்பரம், ஓரத்தில் இரண்டு, கீழே தானாக ஓடும் வீடியோ ஒன்று. எல்லாம் வெவ்வேறு தளங்களிலிருந்து வருபவை, ஆளுக்கொரு பிராசஸ். 50 கேபி படம் ஒன்று செய்ய முக்கால் ஜிபி மெமரி போயிருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் புது டேபில் அதே தளத்தைத் திறந்ததில் அப்படி மூன்று டேப் கிடந்தன.

அந்த மூன்றையும் மூடிவிட்டு, விண்டோஸோடு வரும் பெயின்ட்டிலேயே ரீசைஸ் செய்யக் காட்டினேன். சதவீதத்தைக் குறைத்து ஜேபெக்காகச் சேமித்தால் பெரும்பாலான படங்கள் கேட்ட அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு நாளில் நூறு பேருடைய போட்டோவையும் கையெழுத்தையும் ஊர் பேர் தெரியாத தளத்தில் ஏற்றாமல் இருப்பது, மெமரியைவிடப் பெரிய லாபம்.

இரண்டாவதாக ஒரு எக்ஸ்டென்ஷன். எப்போதோ யாரோ வீடியோ டவுன்லோடு செய்யப் போட்டது. ஒருவரும் பயன்படுத்தவில்லை, ஆனால் திறக்கிற ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருந்தது. எக்ஸ்டென்ஷனின் செலவு அதன் பெயருக்கு எதிரே தெரிகிற எண்ணோடு முடிவதில்லை. ஒவ்வொரு டேபின் கணக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக அது கலந்திருக்கும். எடுத்துவிட்டேன். விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் வேறு ரகம். அதுவும் மெமரி எடுக்கும்; ஆனால் இதுபோன்ற பக்கங்களில் அது மிச்சப்படுத்துவது அதிகம். அதை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் எனக்கு நேரம் பிடித்தது. காலையில் திறந்த ஒரு பக்கம், விண்ணப்பங்களின் நிலையைக் காட்டுவது, தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டே இருப்பது. எந்தத் துறையுடையது என்று சொல்ல வேண்டியதில்லை. எதையும் தொடாமல் பத்து நிமிடம் அதன் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறிக்கொண்டே போயிற்று, ஒரு தடவைகூட இறங்கவில்லை. ஆரோக்கியமான பக்கம் ஏறும், இறங்கும். தேவையில்லாததை அவ்வப்போது பிரவுசர் கூட்டித் தள்ளும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. பக்கத்தை எழுதியவர் பழைய தகவலை விடுவிக்காமல் புதியதை மேலே மேலே அடுக்குகிறார். பயன்படுத்துகிறவர் செய்யக்கூடியது, மணிக்கு ஒருமுறை ரீலோட் செய்வது, அல்லது வேலை முடிந்ததும் மூடிவிடுவது. சரிசெய்ய வேண்டியவர் வேறு இடத்தில் இருக்கிறார்.

செட்டிங்ஸில் இரண்டு மாற்றம் செய்தேன். குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடலாம் என்ற அனுமதியை நிறுத்தினேன். அவர் எல்லாவற்றையும் மூடினாலும் சில பிராசஸ்கள் மிச்சமிருந்ததற்கு அதுதான் காரணம். 'மெமரி சேவர்' என்பதை இயக்கினேன். 2022 கடைசியில் வந்த வசதி. தொடாமல் கிடக்கும் டேபுகளை உறங்க வைத்து இடத்தைத் திருப்பித் தரும். பாதி நிரப்பிய படிவம் உள்ள டேபை அது விட்டுவிடும் என்று சொல்லப்பட்டாலும், அதே செட்டிங்ஸில் இருக்கும் பட்டியலில் விண்ணப்பத் தளங்களை 'எப்போதும் விழித்திருக்கட்டும்' என்று சேர்த்து வைப்பது நல்லது. மெமரி முற்றிலும் தீர்ந்துபோனால் எந்தப் பட்டியலும் காப்பாற்றாது. டேப் அப்படியே நொறுங்கி விழும்.

"அப்ப இந்த முப்பதும் இருக்கத்தான் வேணுமாண்ணா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்மா. ஒண்ணு படுத்தா மத்தது நிக்கும். எது பெருக்குதுன்னு மட்டும் பாருங்க."

சிஸ்டம் நகர ஆரம்பித்தது. அன்று சாயங்காலம்வரை அது நின்றதாகப் போன் வரவில்லை. ஆனால் இப்படிப் பராமரித்துக் காலம் தள்ள முடிகிற நாட்கள் குறைவு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்திவிட்டார்கள். அந்த சிஸ்டத்தில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் போடலாம் என்றால் அவர் வைத்திருக்கும் கைரேகைக் கருவிக்கு விண்டோஸ் மென்பொருள்தான் தந்திருக்கிறார்கள். கூடுதல் ராம் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால், ஏஐ தரவு மையங்கள் உலகத்து மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியிலிருந்து விலை ஏறிக் கிடக்கிறது. எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் இயந்திரங்களுக்கும் செங்கல்பட்டு இ-சேவை மையத்தின் ஒரு மெமரி ஸ்டிக்குக்கும் இப்படி ஒரு சம்பந்தம். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் ராம் நிரம்பி வழியும்போது வரும் இழுவை குறையும். மெமரி அதிகமாகாது, ஆனால் காத்திருக்கும் வேதனை குறையும். இப்போதைக்கு அதைத்தான் செய்து கொடுத்திருக்கிறேன்.

சிஸ்டம்கூட இல்லாதவர்களின் நிலை இன்னும் கடினம். மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பம் ஒன்றில், கல்லூரி விண்ணப்பம் போட்ட மாணவி ஒருத்திக்கு உதவி செய்தேன். அம்மாவின் போன், 2 ஜிபி ராம். படிவத்தில் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், வங்கி எண் எல்லாம் நிரப்பிவிட்டாள். போட்டோ கேட்டது, கேமராவைத் திறந்தாள். எடுத்துவிட்டுத் திரும்பினால் படிவம் வெறுமையாக நின்றது. மறுபடி நிரப்பினாள். ஓடிபி வந்ததைப் பார்க்க மெசேஜுக்குப் போனாள். திரும்பினால் மறுபடி வெறுமை. நெட் சரியில்லை என்று அவளும், அவளுக்குப் போன் பார்க்கத் தெரியவில்லை என்று அண்ணனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே இல்லை. கேமராவுக்கு மெமரி போதாமல் ஆண்ட்ராய்டு பின்னால் இருந்த பிரவுசர் பக்கத்தைக் கொன்றுவிட்டது. திரும்பி வந்தபோது பக்கம் புதிதாகப் பிறந்தது.

நான் அவளுக்குச் சொன்னது ஒத்தவாடைத் தெருவில் சொன்னதுதான். போட்டோ, கையெழுத்து, சான்றிதழ் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து கேலரியில் வைத்துக்கொள். விடைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். மற்ற ஆப்களை மூடு. பிறகு படிவத்தைத் திற. ஓடிபி மேலே எட்டிப் பார்க்கும்போதே படித்துக்கொள். மெசேஜ் ஆப்புக்குள் போகாதே. அப்படியே செய்தாள், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இரண்டு தலைமுறை பிரவுசர்கள் வந்துபோன பிறகு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நோட்பேடு காலத்துத் தந்திரத்தைக் கற்றுக்கொண்டுதான் கல்லூரிக்குள் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் இதற்குத் தீர்வு இருக்கிறது. ஒருவர் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பிரவுசரே அவருடைய கருவியில் எழுதி வைத்துக்கொள்ளும் வசதி, லோக்கல் ஸ்டோரேஜ், 2010 வாக்கிலேயே எல்லா முக்கிய பிரவுசர்களுக்கும் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தச் சில வரி நிரல் போதும். பலர் உட்கார்ந்து எழுந்து போகும் இ-சேவை மையத்து சிஸ்டத்தில் ஆதார் எண் அப்படித் தங்கிவிடக் கூடாது, அது உண்மை. அதற்கும் வழி உண்டு: விண்ணப்ப எண்ணைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சர்வரில் சேமித்துக்கொள்ளலாம். படிவத்துக்கு நகரும் பேனர் வேண்டாம், பின்னணி வீடியோ வேண்டாம், ஒரு பட்டனுக்காக இழுத்து வரும் பெரிய நூலகம் வேண்டாம். பிரிட்டன் அரசின் பொதுத் தளம் 2022இல் ஜேக்வெரி என்ற பழைய நூலகத்தைத் தன் பக்கங்களிலிருந்து எடுத்தது. நீக்கியது 30 கேபியைச் சற்றுத் தாண்டிய அளவுதான். பழைய கருவியும் மந்தமான இணைப்பும் வைத்திருந்தவர்களுக்கு அதில் கிடைத்த பலன் அதிகம். அவர்களை மனதில் வைத்துத்தான் அளந்தார்கள்.

அளப்பது என்றால் எங்கே உட்கார்ந்து அளப்பது? பக்கங்களை எழுதுகிறவர்களின் மடிக்கணினியில் 16 ஜிபி, 32 ஜிபி. அங்கே எந்தக் கசிவும் சாயங்காலம்வரை தெரியாது. நம் ஊர் மென்பொருள் பிள்ளைகளில் பல பேர் தினமும் புறநகர் ரயிலில் வந்து பரனூரில் இறங்கி மகேந்திரா சிட்டிக்குப் போகிறார்கள். செங்கல்பட்டு அதற்கு அடுத்த ஸ்டேஷன். ஒரு படிவத்தை வெளியிடுவதற்கு முன்னால், அவர்கள் அந்த ஒரு ஸ்டேஷன் கூடுதலாக வந்து, 4 ஜிபி சிஸ்டத்தில் வாட்ஸப் வெப்பும் இன்னும் மூன்று டேபும் திறந்து வைத்து, ஒரு மாணவருக்கு விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பிக் கொடுக்கட்டும். மே மாதத்தில், ரிசல்ட் வந்த வாரத்தில் வந்தால் நல்லது. இடமும் சிஸ்டமும் தர அந்த மையத்துப் பெண் தயாராக இருக்கிறார், நான் கேட்டுவிட்டேன்.